மீன் போடாத குழம்பு

என் மனைவிக்கு மீன் நாறத் தொடங்கியது இரண்டாவது கீமோ முடிந்த நாலாம் நாள். பக்கத்து வீட்டுக்காரி அன்போடு ஒரு கிண்ணத்தில் வஞ்சிரம் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைத் திறந்ததுதான் தாமதம், என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். இருபத்திரண்டு வருடம் காசிமேட்டில் ஏலம் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்றவள். மீன் கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதே கையால் டீ கிளாஸை வாங்குகிறவள். மீனுக்கு நாற்றம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அதற்குப் பிறகும் தெரியவில்லை.

நான் மீனவன் மகன்தான், ஆனால் கடலுக்குப் போனவன் இல்லை. சின்ன வயதில் இரண்டு முறை போட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். பிறகு என்னைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். இப்போது ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரிகளின் நம்பரை எழுதுகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடலோரத்துக் குப்பத்தில் ஒன்றரை அறை வீடு. அவள் மீன் விற்பாள், நான் நம்பர் எழுதுவேன், ராத்திரிக்கு அவள் வைத்த குழம்பு இருக்கும். குழம்பு என்றால் மீன் குழம்பு. வேறு குழம்பு வைத்தால் அதற்குத்தான் எங்கள் வீட்டில் தனியாகப் பெயர் சொல்ல வேண்டும்.

வயிற்றில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் ஐம்பத்திரண்டு கிலோ. இரண்டு கீமோவுக்குள் நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, நாற்பதுக்குக் கீழே போனால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது, உடம்பு தாங்காது, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். இன்னும் நாலு மருந்து பாக்கி, அவளுக்கு இருப்பது ஒரு கிலோ. அன்றிலிருந்து என் தலைக்குள் அந்த ஒரு கிலோ மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டில் லாரி நம்பர் எழுதும்போதுகூட ஒரு முறை நாற்பது, நாற்பது என்று எழுதி வைத்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்ல ஒரு பெண் இருந்தாள். அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். முட்டை, பால், மீன், பயறு என்று போட்டிருந்தது. முட்டையை உடைக்கும்போதே என் மனைவிக்குக் குமட்டியது. பால் குடித்தால் வயிற்றால் போனது. மீனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மிஞ்சியது பயறு. சுண்டல் வேகவைத்துக் கொடுத்தேன், வாயெல்லாம் புண், மெல்ல முடியவில்லை. அப்போதுதான் மளிகைக் கடையில் சாக்கில் இருந்த காய்ந்த மொச்சைக் கொட்டையைப் பார்த்தேன். மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு, மீன் சேர்க்காமல் ஒரு குழம்பு எங்கேயோ ரசித்துச் சாப்பிட்ட ஞாபகம் வந்தது. எங்கே என்று யோசிக்கவில்லை. அரை கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மொச்சையை ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. குக்கரில் பத்து விசில் விட்டும் கூழாங்கல் மாதிரி கிடந்தது. மறுபடி அரை கிலோ வாங்கி, இரண்டாம் தடவை ஊறப்போட்டேன். ஊறிய கொட்டையின் தோல் அவள் வாய்ப்புண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்று, ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை எடுத்தேன். அரை கிலோ மொச்சையைப் பிதுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எத்தனை கொட்டை என்று தெரியும். கட்டைவிரல் நகம் வெளுத்துப்போனது. தேங்காய், சோம்பு, சின்ன வெங்காயம் அரைத்து, புளியைப் பேருக்குக் கரைத்துவிட்டு, கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்கவைத்து இறக்கினேன். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. சோற்றைக் குழையப் பிசைந்து தட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் தட்டை முகத்தருகே கொண்டுபோனாள். உடனே கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாய்யா, மீனு போட்டியா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நோயாளியிடம் கத்தக் கூடாது என்று தெரியும், ஆனாலும் கத்தினேன். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பிதுக்கியிருக்கிறேன், மீன் மார்க்கெட் பக்கமே போகவில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், பழி போடாதே என்றேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. கத்த அவளுக்குத் தெம்பில்லை. அடுப்பு மேல் இருந்த மண் சட்டியைக் கையால் காட்டினாள்.

"சட்டில கீதுய்யா. நீ போடலன்னா இன்னா, இத்தினி வருசமா நான் போட்டது அதுல கீது."

கல்யாணமான புதிதில் அவள் வாங்கிப் பழக்கிய சட்டி. குழம்பு என்றால் அந்தச் சட்டியில்தான் வைக்க வேண்டும் என்று என் கை தானாக அதை எடுத்திருக்கிறது. நான் சட்டிக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஊரில் முதலில் இருமுகிறவன் நான். எங்கோ கேஸ் கசிந்தால் தெருவுக்கே சொல்கிறவன் நான். ஆனால் என் வீட்டுச் சட்டியில் இருக்கிற மீனை என் மூக்கு மோப்பம் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடந்தால் எப்படித் தெரியும். அன்று அவள் வெறும் கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள். பிதுக்கிய மொச்சை அவ்வளவையும் நானே தின்றேன், அழுதுகொண்டே தின்றேன்.

மறுநாள் யார்டுக்கு லீவு சொன்னேன். வீட்டில் மீன் எங்கெல்லாம் இருக்கிறது என்று அவளைக் கட்டிலில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் மூக்கு சொன்னதை நான் எடுத்தேன். அருவாமனை, அகப்பை, மிளகாய்த் தூள் டப்பா, உப்பு ஜாடி, ஜன்னல் திரை, அவள் மார்க்கெட்டுக்குக் கட்டிக்கொண்டு போகும் நாலு புடவை. கருவாடு தொங்கிய கயிறுகூட. சிலவற்றை வெந்நீர் வைத்துத் தேய்த்தேன், சிலவற்றைத் தூக்கிப் போட்டேன். சட்டியைக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைக் கல் மேல் வைத்துவிட்டு வந்தேன். உடைக்க மனம் வரவில்லை. புதிதாக ஓர் அலுமினியக் குண்டான் வாங்கினேன். அன்றிலிருந்து நானும் மீன் சாப்பிடுவதை விட்டேன். என் கையும் மூச்சும் நாறுமாம். வெளியே யாராவது கொடுத்தாலும் தொடுவதில்லை.

புதுக் குண்டானில் வைத்த குழம்பை அவள் சாப்பிட்டாள். நிறைய இல்லை, நாலு வாய். மறுநாள் ஆறு வாய். முகத்தைச் சுளிக்காமல், எதுவும் சொல்லாமல் சாப்பிட்டாள். நல்லா இருக்கா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த ஆட்டலில் ஏதோ ஒன்று இருந்தது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து பாராட்டுகிற பெண்ணா அவள், எனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயிலில் நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. வெளியே இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மார்க்கெட்டில் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து மீன் விற்கிறவர்கள், அதே தெருக்காரர்கள். அன்றைய வியாபாரம் முடித்து நேராக வந்திருந்தார்கள். ஆனால் தலைமுடி அவிழ்ந்திருந்தது, பூவை எடுத்திருந்தார்கள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அவர்களில் மூத்தவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எப்பண்ணா? ஆஸ்பத்திரிலயேவா? எப்போ கொண்டாறாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. கரண்டியோடு நின்றேன். அவள் என் பின்னால் கொதித்துக்கொண்டிருந்த குண்டானைப் பார்த்தாள். பிறகுதான் என் மரமண்டைக்கு எல்லாம் சேர்ந்து உறைத்தது. எங்கள் தெருவில் மொச்சைக் குழம்பு வைத்தால் நெத்திலிக் கருவாடாவது போடாமல் வைக்க மாட்டார்கள். ஒன்றும் போடாமல் வைப்பது சாவு விழுந்த வீட்டில், கருமாதி முடிகிற வரைக்கும். நான் எங்கேயோ ரசித்துச் சாப்பிட்டேன் என்றேனே, அது என் அப்பா போன பதினாறு நாளில் சாப்பிட்டது. யாரோ ஆக்கினார்கள், யாரோ போட்டார்கள், நான் தின்றேன். எந்த நாளில் எது வேகிறது என்று கவனிப்பது பெண்களின் வேலை என்று இருந்துவிட்ட ஆம்பளை நான். போதாததற்கு என் மனைவியின் சட்டியை வேறு வெளியே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி போனால்தான் அவள் பழக்கிய சட்டி வீட்டைவிட்டுப் போகும். முந்தின நாள் ரத்தப் பரிசோதனைக்கு ஆட்டோவில் அவளைக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள், திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னும் கொண்டாரலடி. நான் இங்கதான் குந்திகினு கீறேன்."

இரண்டு பேரும் வாயில் அடித்துக்கொண்டார்கள். இளையவள் உள்ளே ஓடிவந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூத்தவள் வாசலைத் தாண்டவே இல்லை, தூணைப் பிடித்தபடி நின்றாள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் குழம்பு வாசனையைப் பற்றித் தெருவே மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்திருக்கும், இவர்களாவது கேட்க வந்தார்கள். அவர்கள் போன பிறகு நான் அடுப்பை அணைத்தேன். இதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறேன், இனிமேல் இந்தக் குழம்பே இந்த வீட்டில் வேண்டாம் என்றேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். புதுக் குண்டானில் வைத்த முதல் நாள் வாசனை வந்தபோதே தனக்குத் தெரியும் என்றாள். அவள் அப்பா போனபோது பதினாறு நாளும் இதைத்தான் தின்றாளாம். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ ஒவ்வொரு கொட்டையா தோலு எடுத்துகினு இருந்தியே."

தட்டை எடுத்துவரச் சொன்னாள். எந்தக் குழம்பாக இருந்தால் என்ன, உள்ளே போனால் வெயிட்டு தானே என்றாள். அன்றைக்குத்தான் அவள் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள். பசியில் சாப்பிடவில்லை, வீம்பில் சாப்பிட்டாள். தன் கருமாதிச் சோற்றைத் தானே சாப்பிடுகிற மாதிரி எனக்குத் தோன்றியது, நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவளுக்கும் அப்படித் தோன்றியிருக்கும், அவள் எழுந்து எங்கே போவாள்.

எங்கள் தெருவில் ஓர் ஆள் ஏறி நிற்கிற மாதிரி எடைமேடை இருப்பது பழைய இரும்புக் கடையில் மட்டும். வாரம் ஒரு முறை அவளை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். கடைக்காரர் இரும்பைத் தள்ளி இடம் கொடுப்பார். குழம்பு தொடங்கிய முதல் வாரம் நாற்பத்தொன்றே கால். அடுத்த வாரம் நாற்பத்திரண்டு. மூன்றாம் வாரம் நாற்பத்து மூன்றரை. நான் மேடைக்கு முன்னால் குனிந்து அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தேன், கடைக்காரரைப் பார்க்கச் சொன்னேன், அவளை இறக்கி மறுபடி ஏற்றினேன். அதே எண். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. யார்டில் கேட்டுக்கு வந்த டிரைவர்களிடமெல்லாம் சொன்னேன். தூத்துக்குடியிலிருந்து வந்தவனுக்கு என் மனைவி நாற்பத்து மூன்றரை என்றால் என்ன புரியும், அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு கிலோ மொச்சை வாங்கி வைத்தேன். அவள் மட்டும் பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நீ சந்தோசமா கீறல்ல, போதும் என்றாள்.

மூன்றாவது மருந்துக்குப் போனோம். ஆஸ்பத்திரி மேடையில் நாற்பத்து நாலு காட்டியது. எடை குறிக்கிற நர்ஸ், பரவாயில்லையே, வீட்டில் நல்லா கவனிக்கிறாங்க போல என்றாள். நான் தலையைச் சொறிந்துகொண்டு, நான்தான் சமைக்கிறேன், மொச்சை என்றேன். வரிசையில் இருந்த பெண்களிடம் அதை எப்படிப் பிதுக்குவது என்றுகூடச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். போன தடவை எடையைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. அவளைப் படுக்கச் சொல்லி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு புடவையைக் கணுக்காலுக்கு மேல் விலக்கி, எலும்பு மேல் கட்டைவிரலால் அழுத்தி, சிறிது நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்தார். விரல் இருந்த இடத்தில் குழி விழுந்தது. நான் அது மேலே எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. என் மனைவியும் தலையைத் தூக்கி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா புடவையைக் கீழே இழுத்துவிட்டு, என்னை வெளியே வரச் சொன்னார்.

ஏறியது சதை இல்லை, தண்ணீர் என்றார். வயிற்றிலும் காலிலும் நீர் கோத்திருக்கிறது, கட்டி மருந்துக்குக் கேட்கவில்லை என்றார். தண்ணீர் இல்லாவிட்டால் எத்தனை கிலோ இருப்பாள் என்று கேட்டேன். எனக்கு அப்போதும் அந்தக் கணக்குத்தான். சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் நாற்பதுக்குக் கீழேதான் என்றார். சாப்பாட்டில் ஒன்றும் குறை இல்லை, உங்கள் மேல் தப்பில்லை என்றும் சொன்னார். அன்றைக்கே வயிற்றில் ஊசி குத்திக் கொஞ்சம் நீரை எடுத்தார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா என் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"இனிமே மருந்து வேணாம்ங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், அவங்களுக்குப் புடிச்சதைக் கொடுங்க."

புடிச்சதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. எத்தனை பேரை அப்படிச் சொல்லி எங்கள் தெருவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் அவளை பெஞ்சில் உட்காரவைத்தேன். எங்கள் பக்கம் போகிற பஸ் வரவில்லை. டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எடை ஏறியிருக்கிறதாம், கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துவிட்டு அப்புறம் ஏற்றுவார்களாம் என்றேன். பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் காலை நீட்டிப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் போட்டிருந்தது என் பழைய செருப்பு. அவளுடையது கால் நுழையாமல் ஒரு வாரமாக வீட்டில் கிடக்கிறதாம்.

"அந்தக் குழிய நானும் பாத்தேன்யா. அமுக்குனா எழும்பாத மீன நான் ஒரு நாளு கூட ஏலத்துல எடுத்தது இல்ல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முழங்காலைத் தட்டினாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி இருந்தது.

"ஐஸ் தண்ணில ஊறிப்போயி வெயிட்டு ஏறுன மீனுய்யா நானு. அதைப் பாத்து ஏமாந்தியே, மீன்காரி புருசன் நீ."

அத்தனை பேர் நின்ற அந்த பஸ் ஸ்டாப்பில் நான் வாய்விட்டு அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி இருந்தாள்.